டைமரிடம் கொடுத்த லாம்டா: மோட்டார் நிரலில் ஒரு நினைவகப் பிழையைத் தேடிய பதிவு

பெங்களூரு ராமமூர்த்தி நகர் பக்கம் எங்கள் அடுக்ககத்தில், சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி இயக்குகிறது. மேல்தொட்டியின் மூடியில் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி என்ற அல்ட்ராசோனிக் சென்சார் இருக்கிறது. ஈரம் பட்டாலும் தாங்கும். மூடியிலிருந்து தண்ணீர்ப் பரப்பு வரை உள்ள தூரத்தை அது அளக்கும். தொட்டி நிரம்ப நிரம்பத் தூரம் குறையும். 30 செ.மீ.க்கு வந்துவிட்டால் ரிலே ஆஃப் ஆகி மோட்டார் நிற்க வேண்டும். நிரல் சி++-இல் எழுதியது. எழுதியவர் முன்பு இங்கே குடியிருந்தார். அவர் ஊர் மாறிப் போனபின் பராமரிப்பு என் கைக்கு வந்தது.

ஒருநாள் எஸ்டி கார்டு செத்துப்போனது. ராஸ்பெர்ரி பை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. புது கார்டில் புது ஓஎஸ் ஏற்றி, நிரலைப் புது கம்பைலரில் (மூல நிரலை இயந்திர நிரலாக மாற்றும் கருவி) மறுபடி பில்டு செய்தேன். பழைய பில்டில் நிரலை வேகப்படுத்தும் ஆப்டிமைசேஷன் கிடையாது, புதியதில் -ஓ2 என்ற அளவு. மூல நிரலில் ஒரு வரிகூட மாறவில்லை. அன்று இரவே பம்ப் பார்க்கும் அண்ணன் போன் செய்தார்.

“தம்பி, டேங்க் நிரம்பி வழியுது. மோட்டார் நிக்கவே மாட்டேங்குது. மெயினை ஆஃப் பண்ணிட்டேன்.”

“நல்லதுண்ணே. பெட்டியை மட்டும் தொடாதீங்க, லாக் அப்படியே வேணும். இதோ வந்துட்டேன்.”

ஏறத்தாழ 100 கி.மீ. தள்ளி இருக்கும் காவிரியிலிருந்து மேடேற்றிக் கொண்டுவரும் தண்ணீர். அது வராத நாளில் டேங்கருக்குக் காசு கொடுத்து வாங்குகிறோம். அந்தத் தண்ணீர் மாடியிலிருந்து கொட்டினால் மனசு கேட்காது. எந்த வரி இதைச் செய்தது என்று தெரியாமல் மோட்டாரைத் திரும்ப ஓட்டக் கூடாது என்று முடிவு செய்தேன்.

லாக்கில் சென்சார் ஒழுங்காகவே படித்திருந்தது. 62, 55, 48, 41, 34, 27 என்று தூரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பக்கத்திலேயே ‘நிறுத்தும் தூரம்’ என்ற எண்ணும் பதிவாகியிருந்தது. 30 இருக்க வேண்டிய இடத்தில் எல்லா வரியிலும் 0. இந்த சென்சாரால் சுமார் 20 செ.மீ.க்குக் கீழே அளக்கவே முடியாது. அப்படியிருக்க, தூரம் 0-ஐ எட்டினால்தான் நிற்பேன் என்று காத்திருக்கும் மோட்டார் எப்போது நிற்கும்? அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். அங்கே 30 பத்திரமாக இருந்தது.

சம்பந்தப்பட்ட இடத்தைத் தமிழ்ப் பெயர்களோடு சுருக்கி எழுதினால் இவ்வளவுதான்:

நிரப்பு() {
    நிறுத்ததூரம் = கோப்பிலிருந்து_படி(“நிறுத்து”);
    மோட்டார்.ஓட்டு();
    டைமர்.ஒவ்வொரு(5 வினாடி, [&] {
        சென்சார்.தூரம்() <= நிறுத்ததூரம் எனில் மோட்டார்.நிறுத்து();
    });
}

‘நிரப்பு’ என்ற ஃபங்ஷன் டைமரில் வேலையைப் பதிந்த கையோடு முடிந்துவிடுகிறது. ‘நிறுத்ததூரம்’ அதன் உள்ளூர் மாறி, ஸ்டாக்கில், அதாவது ஃபங்ஷன் ஓடும்வரை மட்டும் அதற்கு ஒதுக்கும் நினைவகத்தில், இருப்பது. ஃபங்ஷன் முடிந்ததும் அந்த இடம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் லாம்டா (டைமரிடம் கொடுத்த, பெயரில்லாத அந்தச் சிறு ஃபங்ஷன்) தன் முன்னால் உள்ள சதுர அடைப்புச் சின்னத்தின்படி அந்த இடத்தின் முகவரியை எடுத்துக்கொண்டு டைமருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. 5 வினாடிக்கு ஒருமுறை அங்கே எட்டிப் பார்த்து, என்ன கிடக்கிறதோ அதைத் தூரம் என்று நம்புகிறது. பழைய பில்டில் அந்த இடத்தை வேறு எந்த அழைப்பும் மிதிக்கவில்லை, அதனால் 30 அப்படியே கிடந்தது. புதிய பில்டில் ஸ்டாக்கின் அமைப்பு மாறியது, வேறு ஏதோ அங்கே 0 எழுதியது. மோட்டாரும் சென்சாரும் நிரல் முழுக்க வாழும் பொருள்கள், அவற்றால் தொல்லையில்லை. ஒரே ஒரு எண்தான் பிரச்சினை.

சரி, இடத்தைக் கண்டுபிடித்தாயிற்று. [&]-ஐ [=] என்று மாற்றினால் 30-இன் நகல் லாம்டாவோடு போகும், மோட்டார் நிற்கும். அதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. எல்லா எச்சரிக்கைகளையும் போட்டுத்தான் பில்டு செய்திருந்தேன். கம்பைலர் வாயே திறக்கவில்லை. இவ்வளவு வெளிப்படையான ஒன்று அதன் கண்ணில் ஏன் படவில்லை என்று பார்க்க உட்கார்ந்தேன்.

முதல் வேலை, தொட்டியும் மோட்டாரும் இல்லாமல் லேப்டாப்பில் பிழையை வரவழைப்பது. சென்சாருக்குப் பதில் ஒரு எண்வரிசை, ரிலேவுக்குப் பதில் ஒரு அச்சு வரி. நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் என்ற கருவியோடு பில்டு செய்து ஓட்டினேன். டைமர் முதல் முறை அடித்ததுமே நிரல் நின்று, ‘ஸ்டாக் யூஸ் ஆஃப்டர் ரிட்டர்ன்’ (ஃபங்ஷன் திரும்பியபின் அதன் ஸ்டாக்கைத் தொட்டது) என்று அறிக்கை கொடுத்தது. எந்த வரியில் படித்தது, அந்த இடம் எந்த ஃபங்ஷனின் எந்த மாறியுடையது என்பதுவரை அதில் இருந்தது.

அதற்கு இது எப்படித் தெரிகிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அட்ரஸ் சானிடைசர் நினைவகத்தின் ஒவ்வொரு 8 பைட்டுக்கும் 1 பைட் வீதம் ஒரு நிழல் நினைவகம் வைத்திருக்கும். அந்த நிழல் பைட், இந்த 8-ஐத் தொடலாமா கூடாதா என்று சொல்லும். ஒவ்வொரு படிப்புக்கும் எழுத்துக்கும் முன்னால் நிழலைப் பார்க்கும் கட்டளைகளைக் கம்பைலர் செருகிவிடுகிறது. ஆனால் ஸ்டாக்கில் ஒரு சிக்கல் உண்டு: ஒரு ஃபங்ஷன் முடிந்ததும் அதே இடத்தை அடுத்த ஃபங்ஷன் எடுத்துக்கொள்ளும், அப்போது அது மறுபடி ‘தொடலாம்’ ஆகிவிடும். அதனால் உள்ளூர் மாறிகளை உண்மையான ஸ்டாக்கில் வைக்காமல், தனியாக ஒதுக்கிய போலி ஸ்டாக்கில் வைத்து, ஃபங்ஷன் முடிந்ததும் அந்தப் பகுதியைத் ‘தொடக் கூடாது’ என்று குறித்துவிடுகிறது. உடனே மறுபயன்பாட்டுக்கும் விடாது. லினக்ஸில் கிளாங் 15, ஜிசிசி 13 ஆகிய கம்பைலர் பதிப்புகள் முதல் இந்தச் சோதனை தானாகவே இயங்குகிறது. அதற்கு முந்தையவற்றில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

அருமையான கருவிதான். ஆனால் இது ஓடும்போது பார்க்கும் காவல். அந்தப் பாதையில் நிரல் ஓடினால்தான் பிடிபடும். எனக்குத் தெரிய வேண்டியது ஓட்டுவதற்கு முன்னால் கம்பைலர் என்ன பார்க்கிறது என்பது.

சி++-இல் லாம்டா 2011-இல் வந்தது. கம்பைலர் ஒவ்வொரு லாம்டாவுக்கும் பெயரில்லாத ஒரு வகுப்பை உருவாக்குகிறது. உடலில் எழுதியது அந்த வகுப்பின் அழைப்பு இயக்கியாகிறது. வெளியிலிருந்து பிடித்த மாறிகள் அதன் உறுப்புகளாகின்றன: நகலாகப் பிடித்தால் மதிப்பு, ரெஃபரன்ஸாகப் பிடித்தால் நடைமுறையில் ஒரு முகவரி. இரண்டு ரெஃபரன்ஸ் பிடித்த லாம்டாவின் அளவை என் 64 பிட் லேப்டாப்பில் கேட்டால் 16 என்று வரும். மாயம் எதுவும் இல்லை. முகவரி வைத்திருக்கும் ஒரு சிறிய ஸ்ட்ரக்ட் (சில மதிப்புகளை ஒன்றாகக் கட்டிய பொருள்), அவ்வளவுதான். லாம்டா எழுதிய வரியில் நிற்கும்போது, இது எதையெல்லாம் வைத்திருக்கிறது என்பது கம்பைலருக்கு முழுதாகத் தெரியும்.

அப்படியானால் எது தெரியவில்லை? ஒரு சோதனை வைத்தேன். அதே லாம்டாவை டைமரிடம் கொடுக்காமல் ‘நிரப்பு’விலிருந்து நேரே திருப்பி அனுப்பினேன். உள்ளூர் மாறியின் ஸ்டாக் முகவரி வெளியே போகிறது, அது லாம்டா வழியாகப் பிடிக்கப்பட்டது என்று கிளாங் உடனே எச்சரித்தது. மறுபடி டைமரிடம் கொடுத்தேன். மௌனம்.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. திருப்பி அனுப்பினால் லாம்டா ஃபங்ஷனைவிட நீண்டு வாழும் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடுகிறது. டைமரிடம் கொடுத்தால், டைமர் அதை அப்போதே அழைத்து முடித்துவிடுமா, உள்ளே வைத்துக்கொள்ளுமா என்பது டைமரின் உடலைப் படித்தால்தான் தெரியும். டைமரின் சிக்னேச்சர் (ஒரு ஃபங்ஷன் என்ன வாங்கும், என்ன தரும் என்ற அறிவிப்பு) ‘அழைக்கக்கூடிய ஒரு பொருள் கொடு’ என்று மட்டும் கேட்கிறது. எண்களை வரிசைப்படுத்தும் ஃபங்ஷனும் கேட்பது அதைத்தான். அது வாங்கி உபயோகித்துவிட்டுத் திரும்பும்; டைமர் வாங்கி வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் சிக்னேச்சர் ஒரே மாதிரி. டைமர் இன்னொரு நூலகத்தில் ஏற்கெனவே பில்டு ஆகி இருந்தால் உடலும் கைக்குக் கிடைக்காது.

ஆக, குளோஷரின் (பிடித்த மாறிகளோடு சேர்ந்த லாம்டாவின்) பாதுகாப்புக்குக் கேள்விகள் இரண்டு: என்ன பிடித்திருக்கிறது, எவ்வளவு தூரம் போகும். முதலாவதுக்கு விடை லாம்டாவுக்குள் இருக்கிறது. இரண்டாவதுக்கு விடை அதை வாங்குகிறவரிடம் இருக்கிறது. அவர் அதைச் சிக்னேச்சரில் எழுதிக் கொடுக்காவிட்டால் எந்தக் கம்பைலரும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. நான் இந்தப் பழுதில் கற்றது இதுதான். பிறகு செய்தவை எல்லாம் இதிலிருந்து வந்தவை.

பழைய ஆட்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஃபங்ஷனையும் அதன் சூழலையும் சேர்த்துக் கட்டிய பொருளுக்கு குளோஷர் என்ற பெயரைக் கணினி அறிஞர் பீட்டர் லாண்டின் 1964-இல் கொடுத்தார். ஃபங்ஷனை இன்னொன்றுக்கு வாதமாகக் கொடுப்பது ஒரு சிக்கல், விளைவாகத் திருப்பி வாங்குவது வேறொரு சிக்கல் என்று லிஸ்ப் மொழிக்காரர்கள் 1970 வாக்கில் பிரித்து எழுதிவிட்டார்கள். பாஸ்கல் மொழி முதலாவதை மட்டும் அனுமதித்து இரண்டாவதைத் தடுத்தது. அதனாலேயே ஸ்டாக்கை வைத்தே சமாளிக்க முடிந்தது. எங்கள் டைமர் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வாதமாகக் கீழே போவதுபோல் போய், உள்ளே தங்கிவிடுகிறது.

ரஸ்டில் அதே டைமர்

சிக்னேச்சரில் எழுதச் சொல்லும் மொழி என்று பார்த்தால் ரஸ்ட். அதே டைமரை அதில் சிறிதாக எழுதிப் பார்த்தேன். 1.53 பதிப்பிலிருந்து ரஸ்டில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், அதனால் ‘நிறுத்ததூரம்’ அப்படியே போனது. எனக்கு அது தனி சந்தோஷம்.

ரஸ்டில் டைமரின் சிக்னேச்சரை எழுதும்போதே தயங்க வேண்டியிருந்தது. வாங்கும் குளோஷரை வெக்டர் என்ற பட்டியலில் போட்டு வைக்கப் போகிறேன். ஆயுள் பற்றி எதுவும் சொல்லாமல் எழுதினால் டைமரின் உடலே பில்டு ஆகவில்லை: இது எவ்வளவு காலம் வாழும் என்று தெரியாமல் எப்படி வைத்துக்கொள்வாய் என்பது அதன் வாதம். ‘நிரல் முழுக்க வாழத்தக்கது’ என்று பொருள்படும் ஸ்டாட்டிக் ஆயுளை நிபந்தனையாகச் சேர்த்தபின் ஒத்துக்கொண்டது. சி++ கேட்காமல் விட்ட வாக்குறுதி இதுவே. வைத்துக்கொள்கிறவர் வைத்துக்கொள்கிறேன் என்று எழுதாமல் தப்ப முடியாது.

அதன்பின் ‘நிரப்பு’வை எழுதி, லாம்டாவைக் கொடுத்தேன். பிழை ஈ0373. அதன் பொருள்: இந்த குளோஷர் இப்போதைய ஃபங்ஷனைவிட நீண்டு வாழக்கூடும், ஆனால் ‘நிறுத்ததூரம்’ என்பதைக் கடன் வாங்கியிருக்கிறது (ரெஃபரன்ஸாக மட்டும் வைத்திருக்கிறது), அதன் உரிமையோ இந்த ஃபங்ஷனிடம் இருக்கிறது. கூடவே, முன்னால் ‘மூவ்’ என்று சேர்த்தால் உரிமை குளோஷருக்குப் போய்விடும் என்ற யோசனையும் வந்தது. எங்கள் மோட்டாரை ஓடவிட்ட அதே பிழை, பில்டிலேயே, காரணத்தோடு.

உள்ளே இது நடக்கும் விதம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. வகை ஆய்வின்போது கம்பைலர் குளோஷரின் உடலை ஒரு நடை நடந்து, வெளி மாறி ஒவ்வொன்றையும் உடல் எப்படிப் பயன்படுத்துகிறது என்று குறித்துக்கொள்ளும். படிக்க மட்டும் செய்தால் பகிர்ந்த கடன். மாற்றினால் தனியுரிமைக் கடன். எடுத்து விழுங்கினால் உரிமை மாற்றம். தேவைக்கு எது போதுமோ அந்த அளவுக்குத்தான் பிடிக்கும். ‘மூவ்’ என்று எழுதினால் மட்டும் எல்லாவற்றையும் மதிப்பாக எடுத்துக்கொள்ளும். பகிர்ந்ததுக்கும் தனியுரிமைக்கும் நடுவே, குளோஷருக்காகவே ஒரு கடன் வகை வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே மாற்ற உரிமையுள்ள ஒரு ரெஃபரன்ஸ் மாறாத மாறியில் இருக்கும்போது, அதன் வழியாக குளோஷர் எழுத இந்த வகை வேண்டும். இதை நாம் நிரலில் எழுதவே முடியாது; எழுத்து வடிவமே இல்லை. கம்பைலர் தனக்குள் மட்டும் உபயோகிப்பது.

இந்தக் குறிப்பிலிருந்தே குளோஷர் எந்த இனம் என்பதும் தீர்மானமாகிறது. படிக்க மட்டும் செய்வது எத்தனை முறை வேண்டுமானாலும் அழைக்கக்கூடிய ‘எஃப்என்’. தான் பிடித்ததை மாற்றுவது ‘எஃப்என் மியூட்’. பிடித்ததை விழுங்குவது ஒரே முறை அழைக்கக்கூடிய ‘எஃப்என் ஒன்ஸ்’. டைமர் திரும்பத் திரும்ப அழைக்கும் என்பதால் கடைசி இனத்தை வாங்கக் கூடாது. அதையும் சிக்னேச்சரே தடுத்துவிடுகிறது. ஒருமுறை மட்டும் அனுப்ப வேண்டிய எஸ்எம்எஸ் செய்தியை உடலுக்குள் வைத்து அனுப்பிப் பார்த்தேன். செய்தியை விழுங்கும் குளோஷரை டைமர் ஏற்கவில்லை.

இந்தக் கடன்கள் செல்லுமா என்று பார்க்கும் கடன் ஆய்வு இதற்கு அடுத்த கட்டம். அங்கேயும் ஒரு ஒழுங்கு உண்டு: குளோஷரின் உடல் முதலில் தனியாகச் சோதிக்கப்படுகிறது, அதை உருவாக்கிய ஃபங்ஷன் பிறகு. உடலுக்குள் இருந்தே நிரூபிக்க முடியாத ஆயுள் நிபந்தனைகள் இருந்தால் (இந்த ரெஃபரன்ஸ் அந்த ரெஃபரன்ஸைவிட நீண்டு வாழ வேண்டும் என்பதுபோல), உடல் அவற்றைப் பட்டியலிட்டுத் தாய் ஃபங்ஷனிடம் ஒப்படைக்கும். தாய் ஃபங்ஷனுக்கு இரு பக்கமும் தெரியும், அது தீர்ப்புச் சொல்லும். இந்த ஏற்பாட்டால்தான் நிரல் முழுவதையும் ஒரேயடியாகப் பார்க்காமல், ஃபங்ஷன் ஃபங்ஷனாகச் சோதிக்க முடிகிறது.

அடுத்து தொட்டியை ஒரு ஸ்ட்ரக்டாக மாற்றினேன்: தூரம் ஒரு புலம், மோட்டார் நிலை இன்னொரு புலம். குளோஷர் தூரத்தை மட்டும் படிக்கிறது. அது உயிரோடு இருக்கும்போதே வெளியே மோட்டார் நிலையை மாற்றுகிறேன். 2018 எடிஷனில் (எடிஷன் என்பது ரஸ்ட் மொழி விதிகளின் ஒரு தொகுப்பு) பிழை வந்தது, ஏனென்றால் அங்கே குளோஷர் தொட்டி முழுவதையும் கடன் வாங்கும். 2021 எடிஷனுக்கு மாற்றினால் அதே நிரல் பில்டு ஆகிறது. அக்டோபர் 2021-இல் 1.56 பதிப்போடு வந்த மாற்றம் இது: குளோஷர் உண்மையில் தொடும் புலத்தை மட்டுமே பிடிக்கும். எழுதுகிறவருக்குப் பெரிய நிம்மதி. ஆனால் புலங்களைத் தனித்தனியே பிடிப்பதால் குளோஷர் அளவில் பெருக்கலாம், பொருள்கள் அழியும் வரிசையும் மாறலாம். ஒரு பழைய நிரலை எடிஷன் மாற்றும்போது பூட்டுகள், கோப்புகள் பிடித்திருக்கும் குளோஷர்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

சம்ப்பையும் மேல்தொட்டியையும் ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட்டில் (ஒரே நிரலுக்குள் இணையாக நடக்கும் ஓட்டங்கள்) படிக்கும் பகுதியையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் ஒரே அமைப்பு மதிப்புகளைப் படிக்க வேண்டும், நகல் எடுக்க விருப்பமில்லை. சாதாரண த்ரெட் கிளப்பும் ஃபங்ஷன் ஸ்டாட்டிக் ஆயுளும், த்ரெட் தாண்டி அனுப்பலாம் என்ற ‘செண்ட்’ குணமும் கேட்கும். கடனைக் கொடுத்தால் அதே ஈ0373. எண்ணிக்கை வைத்துப் பகிரும் ‘ஆர்சி’யில் சுற்றி அனுப்பினால் வேறு பிழை: அதன் எண்ணிக்கை அணு முறையில் (நடுவில் வேறு த்ரெட் புகமுடியாத ஒரே செயலாக) கூடிக் குறைவதில்லை, இரண்டு த்ரெட் ஒன்றாகத் தொட்டால் கெடும், எனவே அனுப்ப முடியாது. அணு முறையில் எண்ணும் ‘ஏஆர்சி’ என்றால் சரி. குளோஷர் செண்ட் ஆகுமா என்பதைத் தனியாக யாரும் அறிவிப்பதில்லை. பிடித்த ஒவ்வொன்றும் செண்ட் என்றால் குளோஷரும் செண்ட். முதலில் சொன்ன பெயரில்லாத ஸ்ட்ரக்ட் இங்கேயும் கைகொடுக்கிறது.

நகலும் வேண்டாம், ஏஆர்சியும் வேண்டாம் என்றால் ஆகஸ்ட் 2022-இல் 1.63-இல் வந்த ஸ்கோப் த்ரெட் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ரஸ்ட் 1.0 மே 2015-இல் வெளிவருவதற்குச் சற்று முன்பு வரை வேறொரு ஏற்பாடு இருந்தது: த்ரெட் கிளப்பினால் ஒரு காவல் பொருள் கிடைக்கும், அது அழியும்போது த்ரெட் முடியும்வரை காத்திருக்கும், ஆகவே கடன் பாதுகாப்பு என்று நம்பினார்கள். ஆனால் அந்தக் காவல் பொருளை அழியாமலே கசியவிட முடியும், எண்ணிக்கைப் பகிர்வில் ஒரு சுழற்சியை உண்டாக்கினால் போதும். காத்திருப்பு நடக்காது, த்ரெட் செத்துப்போன ஸ்டாக்கைப் படிக்கும். அதனால் 1.0-க்கு முன்பே அதை நிலையான வசதிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போதைய ஸ்கோப், நம்மிடமிருந்து ஒரு குளோஷரை வாங்கித் தானே ஓட்டி, உள்ளே கிளப்பிய எல்லா த்ரெட்டும் முடிந்தபின்தான் திரும்பும். கசியவிட நம் கையில் எதுவும் இல்லை. காத்திருப்பை ஒரு பொருளின் அழிவில் நம்பி வைக்காமல் ஃபங்ஷனின் திரும்பலில் வைத்தது எவ்வளவு சரியான முடிவு என்று இரண்டையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. என் சென்சார் பகுதி கடன்களோடு அப்படியே பில்டு ஆனது.

பில்டு ஆகிவிட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. ‘மூவ்’ போட்ட குளோஷரில் ‘தவறிய படிப்புகள்’ என்ற எண்ணிக்கையைக் கூட்டினால், கூடுவது குளோஷரின் சொந்த நகல். வெளியே உள்ள எண் 0-ஆகவே இருக்கும். நினைவகம் பத்திரம், கணக்கு தப்பு. சென்சார் தவறுகளை எண்ணி மோட்டாரை நிறுத்தும் இடத்தில் அந்த மாதிரி நகல் கூடாது என்பதால், அங்கே அணு எண்ணை ஏஆர்சியில் வைத்தேன்.

மற்ற மொழிகள்

கோ மொழிக்கு இந்தக் கேள்வியே தொல்லையில்லை. குளோஷர் வெளியே தப்பிப் போகிறது என்று எஸ்கேப் ஆய்வில் தெரிந்தால், குளோஷரையும் அது பிடித்ததையும் ஹீப்பில் (ஃபங்ஷன் முடிந்தாலும் நீடிக்கும் நினைவகத்தில்) வைத்துவிடும். குப்பை சேகரிப்பான் பார்த்துக்கொள்ளும். பில்டின்போது -எம் கொடியைக் கொடுத்தால் எது ஹீப்புக்குப் போனது என்று வரிவரியாகச் சொல்லும். என் குளோஷர் போனதைப் பார்த்தேன். சந்தேகம் வந்தால் ஹீப் பக்கம் சாய்வதால் அங்கே பிழை செலவாக மாறுகிறதே தவிர, ஆபத்தாக மாறுவதில்லை. ஸ்விஃப்ட் நம் கேள்விக்கு நேராக விடை சொல்கிறது: ஸ்விஃப்ட் 3 முதல், வாதமாக வரும் குளோஷரை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பதே இயல்புநிலை, கொண்டுபோக வேண்டுமானால் ‘எஸ்கேப்பிங்’ என்று சிக்னேச்சரில் எழுத வேண்டும். ஜாவாவில் உள்ளூர் மாறியைப் பிடித்தால் மதிப்பின் நகல்தான், அதுவும் பிறகு மாறாத மாறியாக இருந்தால் மட்டுமே.

பழுதுபார்ப்பு

பை-யில் ஓடும் நிரலை முழுக்க ரஸ்டுக்கு மாற்ற இப்போது நேரமில்லை. ரிலே, சென்சார், செய்தி அனுப்புவது எல்லாம் சி++-இல் நன்றாக ஓடுகின்றன. அதனால் சி++ டைமரின் சிக்னேச்சரையே பேச வைப்பது என்று தீர்மானித்தேன்.

வெறும் [=] எனக்குப் போதாது. அந்த லாம்டா ஒரு வகுப்பின் உறுப்பு ஃபங்ஷனுக்குள் இருந்தால், [=] உறுப்புகளை நகலெடுக்காது; அந்தப் பொருளின் முகவரியைத்தான் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளும். நகல் என்று நம்பி முகவரியை வைத்திருப்போம். சி++20-இல் இந்த மறைமுகப் பிடிப்பைக் கைவிடத்தக்கது என்று அறிவித்தது நல்ல காரியம்.

நான் செய்தது இது. டைமரின் ‘ஒவ்வொரு’ இப்போது எதையும் பிடிக்காத லாம்டாவை மட்டுமே வாங்கும்; அதற்கு வேண்டிய மதிப்புகளைத் தனி வாதங்களாகக் கொடுக்க வேண்டும், டைமர் அவற்றை நகலெடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் லாம்டாவுக்குக் கொடுக்கும். எதையும் பிடிக்காத லாம்டா சாதாரண ஃபங்ஷன் பாயிண்டராக (ஃபங்ஷனின் வெறும் முகவரியாக) மாறும் என்று சி++ உத்தரவாதம் தருகிறது. அதையே சோதனையாக வைத்தேன்: பாயிண்டராக மாறவில்லையென்றால் பில்டு நிற்கும். வகுப்பு காலியா என்று கேட்கும் சோதனையைவிட இது கறாரானது. [&] என்று எழுதிவிட்டு உடலில் எதையும் தொடாத லாம்டாவின் வகுப்பு காலியாகத்தான் இருக்கும், ஆனால் அந்தச் சின்னம் இருக்கும்வரை அது ஃபங்ஷன் பாயிண்டராக மாறாது. நாளை யாராவது அதன் உடலில் ஒரு மாறியைச் சேர்ப்பதற்கு முன்பே கதவு மூடியிருக்கும்.

கூடவே, தனி வாதமாக வரும் மதிப்பு வெறும் பாயிண்டராக இருந்தாலும் பில்டு நிற்கும்படி வைத்தேன். மோட்டாரைக் கொடுக்க வேண்டும் என்றால் ஷேர்டு பாயிண்டரின் (எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்று எண்ணிப் பொருளைக் காக்கும் வகை) வலுவற்ற வடிவமான வீக் பாயிண்டராகக் கொடுக்க வேண்டும். டைமர் அடிக்கும்போது மோட்டார் பொருள் உயிரோடு இருந்தால் அதைப் பூட்டிப் பயன்படுத்தும், இல்லையென்றால் டைமர் தன்னைத்தானே ரத்து செய்துகொள்ளும். ஒரு ஸ்ட்ரக்டுக்குள் பாயிண்டரை ஒளித்துக் கொடுத்தால் இந்தச் சோதனை ஏமாறும். வகையின் மேல்தோலை மட்டும்தான் என்னால் பார்க்க முடிகிறது. ரஸ்டின் ஆயுள்கள் அடிவரை போகின்றன. கிளாங்கில், ரஸ்டின் போலோனியஸ் என்ற கடன் ஆய்வு முறையின் பாணியில் ஆயுள் ஆய்வு ஒன்று 2025 முதல் உருவாகிவருகிறது, அது முழுமையாக வந்தால் இந்த ஓட்டை சிறிதாகும் என்று ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போதே ஓடி முடியும் இடங்களில் [&]-ஐ நான் தடுக்கவில்லை. அளவீடுகளை வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுக்கும் இடத்தில் ரெஃபரன்ஸ் பிடிப்புதான் சரி, நகல் வீண். சி++ எழுதுவோருக்கான பரிந்துரைத் தொகுப்பான சி++ கோர் கைட்லைன்ஸும் இதையே சொல்கிறது: உள்ளூரில் உபயோகிக்கும் லாம்டாவில் ரெஃபரன்ஸாகப் பிடிக்கலாம், வெளியே போகும் லாம்டாவில் தவிர்க்க வேண்டும். அந்த ஃபங்ஷன்களின் வாதத்துக்கு, சொந்தம் கொண்டாடாத ‘ஃபங்ஷன் ரெஃப்’ மாதிரி ஒரு சிறு வகையை எழுதிக்கொண்டேன்; சி++26-இல் அது நூலகத்திலேயே வருகிறது. இப்போது சிக்னேச்சரைப் பார்த்தாலே இது உபயோகித்துவிட்டுத் திரும்புவதா, வைத்துக்கொள்வதா என்று தெரிகிறது.

புது டைமரோடு பில்டு செய்தபோது ‘நிரப்பு’ தவிர இன்னும் சில இடங்களில் பில்டு நின்றது. செய்தி அனுப்பும் பகுதியில் ஒன்று, தண்ணீர் வராத நேரத்தில் மோட்டார் காய்ந்து ஓடாமல் காக்கும் பகுதியில் ஒன்று. இரண்டாவது எனக்குக் கவலையாக இருந்தது. அது தவறினால் மோட்டார் வைண்டிங்கே கருகிவிடும். எல்லாவற்றையும் மதிப்புகளாக மாற்றி, அட்ரஸ் சானிடைசர் பில்டை லேப்டாப்பில் இரவு முழுக்க போலிச் சென்சாரோடு ஓட்டினேன். சத்தமில்லை. அதன்பின் பை-யில் ஏற்றி, அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொட்டியை நிரப்பினோம்.

“தம்பி, இப்ப அந்த முப்பதை அது எங்க வச்சிருக்கு?”

“டைமர்கிட்டயே ஒரு நகல் இருக்குண்ணே. நிரப்புற வேலை முடிஞ்சாலும் அது போகாது.”

லாக்கில் 34, அடுத்து 29. ரிலே ‘டக்’ என்றது, மோட்டார் நின்றது.

இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கிறது. நெட்வொர்க்கில் பேசும் பகுதி சி++20 கோரூட்டீன்களால் (நடுவில் நின்று பிறகு தொடரக்கூடிய ஃபங்ஷன்களால்) ஆனது, அதில் சில லாம்டா வடிவில் இருக்கின்றன. லாம்டாவே கோரூட்டீனாக இருந்தால், அது பிடித்தவை கோரூட்டீன் சட்டகத்துக்குள் (நின்றிருக்கும்போது அதன் மாறிகள் தங்கும் இடத்துக்குள்) போவதில்லை. லாம்டா பொருளுக்குள்ளேயே இருக்கின்றன. முதல் இடைநிறுத்தத்தில் கோரூட்டீன் காத்திருக்கும்போது லாம்டா பொருள் அழிந்துவிட்டால், நகலாகப் பிடித்திருந்தாலும் பயனில்லை, திரும்பி வந்து படிப்பது செத்த இடத்தைத்தான். வாதங்கள் மட்டும் சட்டகத்துக்குள் நகலாகும். எனவே அங்கேயும் பிடிப்பதை நீக்கி எல்லாவற்றையும் மதிப்பு வாதங்களாக மாற்ற வேண்டும். கோர் கைட்லைன்ஸில் இதற்கென்றே சிபி.51 என்று ஒரு விதி இருக்கிறது. அந்தக் கோப்புகளைத் திறந்து வைத்திருக்கிறேன், முதலில் டேங்கர்காரருக்குச் செய்தி போகும் பகுதியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.